லிஸ்பனில் வீடு யாருக்கு?

போர்த்துக்கல் 2022 ஒக்டோபர் இறுதியில் டிஜிட்டல் நாடோடிகளுக்கென தனி வீசாவை அறிமுகப்படுத்தியது. மடிகணினியுடன் வந்து தங்கி, வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யலாம். ஆனால் மாத வருமானம் அந்நாட்டின் ஆகக்குறைந்த சம்பளத்தைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 2025இல் அந்தச் சம்பளம் 870 யூரோ. வீசாவுக்குத் தேவைப்பட்டதோ 3,480 யூரோ.

தலைநகர் லிஸ்பனின் வீட்டுப் பிரச்சினை இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஒரே வீட்டுக்கு உணவக ஊழியரும் இவரும் போட்டியிட்டால், உரிமையாளர் யாருக்குக் கொடுப்பார்? சுற்றுலா விடுதிகளும் முதலீட்டாளர்களும் ஏற்கெனவே வாடகையை உயர்த்தியிருந்தனர். 2023 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு இறங்கினர். வீடு வாங்கினால் கிடைத்த தங்க வீசாவை அரசாங்கம் அதே ஆண்டில் நிறுத்தியது. நாடோடி வீசா தொடர்ந்தது.

வருபவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்களின் வருமானத்தை அளக்கும் அரசாங்கம், அதனால் யார் வீடிழக்கிறார்கள் என்பதையும் அளக்க வேண்டும்.