நிபந்தனை எழுதினால் நம்பிக்கை போய்விடுமா?

வேங்கிக்காலில் ஒரு மனை வாங்குவதென்றால் தாய்ப்பத்திரம் கேட்கிறோம். வில்லங்கச் சான்று பார்க்கிறோம். விற்பவர் கோபித்துக்கொள்வதில்லை. நிக்காஹ்வுக்கு முன் நிபந்தனைகளை எழுதிக்கொள்வோம் என்றால் மட்டும் சம்பந்தி வீடு முகம் சுளிக்கிறது. மேல்நாட்டுப் பழக்கமாம்!

நிக்காஹ்வே ஓர் ஒப்பந்தம்தான். நிறைவேற்றத்தக்க நிபந்தனைகளில் முதன்மையானவை திருமண நிபந்தனைகளே என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. துனீசியாவின் கைரவான் நகரப் பெண்கள், கணவர் இன்னொருத்தியை மணக்கலாகாது என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வாங்கினர். ஹன்பலி மத்ஹப் அதனை ஏற்கிறது. ஹனஃபி மத்ஹப் அதனைக் கட்டாயமாக்குவதில்லை. ஆயினும் தலாக் உரிமையை மனைவியிடம் ஒப்படைக்கும் தஃப்வீளுக்கு இடமளிக்கிறது. மனைவிக்குச் செலவுக்குத் தரமாட்டேன் என்று எழுதினாலோ எங்கும் செல்லாது. ஆகவே ஆலிமையும் வழக்கறிஞரையும் கேட்டே எழுத வேண்டும்.

மேற்படிப்பு, வேலை, தனிக்குடித்தனம், மஹர் தரும் நாள் ஆகியவற்றைப் பேசக் கூசுகிறோம். வரதட்சணை பேசக் கூச்சமில்லை. 1961ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது அதைத்தான்; மஹருக்கு அதில் வெளிப்படையான விலக்கு உண்டு. நம் பதிவேடுகளிலோ மஹர் பெயரளவுத் தொகையாய்ச் சுருங்கிக் கிடக்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் கையெழுத்திடத் தயங்கினால், எந்த வரிக்குத் தயங்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.