ஒரே சாயம், இரண்டு பட்டியல்

ஆகாய விமானம் ஓட்டுகிறவனுக்கும் பால்மரம் சீவுகிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். தொப்பியும் கழுத்துப்பட்டையுமாகத் துரை போல நடக்கிறவனுக்குச் சங்கச் சண்டை ஏது என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். அமெரிக்காவில் கோம்ஏர் என்னும் கம்பெனியின் விமானிகளுக்கு நேர்ந்ததை அறிந்த பின் அந்த எண்ணம் மாறிவிட்டது.

அந்த நாட்டின் பெரிய விமானக் கம்பெனிகள் சிறு ஊர்களுக்குப் பெரும்பாலும் தம் சொந்த விமானிகளைக் கொண்டு பறப்பதில்லை. சிறு கம்பெனிகள் அந்த வேலையை எடுத்துச் செய்கின்றன. விமானத்தில் பூசிய சாயம் பெரிய கம்பெனியுடையது. பிரயாணி வாங்கும் டிக்கெட்டும் அதனுடையதே. ஓட்டுகிறவனுக்கு மட்டும் சிறிய கம்பெனிச் சம்பளம். தோட்டத்தில் கான்டிராக்ட் ஆள் வெட்டிய பாலும் அதே ஸ்டோருக்குத்தானே போயிற்று!

சின்சினாட்டி நகரை மையமாகக் கொண்ட கோம்ஏர், டெல்டா கம்பெனிக்காக இப்படிப் பறந்துவந்தது. 1999-இல் விலை பேசி, 2000-இன் தொடக்கத்தில் டெல்டா அதை முழுவதுமாக வாங்கிக்கொண்டது. உடனே கோம்ஏர் விமானிகள் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள். முதலாளி ஒருவன், சாயம் ஒன்று, இரு தரப்பாரும் சந்தா கட்டுவது 1931-இல் பிறந்த ஒரே விமானிகள் சங்கத்துக்கு. பின் ஏன் இரண்டு சீனியாரிட்டிப் பட்டியல்?

சீனியாரிட்டி அவர்களுக்கு உயிர். எந்த விமானம், எந்த வழி, எப்போது லீவு, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வீட்டுக்குப் போவது யார், எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. நல்ல மரமுள்ள நிரை யாருக்கு, கிழட்டு மரம் யாருக்கு என்று பெரட்டில் சொல்வார்களே, அது போன்றது. வித்தியாசம் என்னவென்றால் அங்கே கங்காணியின் தயவு வேண்டியதில்லை, எண் பேசும்.

டெல்டா விமானிகள் பயந்தார்கள். நேற்று வாங்கிய கம்பெனிக்காரன் நமக்கு மேலே ஏறிவிடுவானோ, குறைந்த சம்பளக்காரனுக்கு நம் பறப்பெல்லாம் போய்விடுமோ என்ற பயம். அது பொய்ப் பயம் அன்று. அதற்காகத்தான் சிறு கம்பெனி ஓட்டும் விமானத்தில் இத்தனை இருக்கைக்கு மேல் கூடாது என்று ஒப்பந்தத்தில் வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்கு அது பாதுகாப்பு. அந்தப் பக்கம் நிற்பவனுக்கு, தன் சங்கமே தன் வாயிலைச் சாத்திவிட்டது என்ற எண்ணம். பட்டியலை ஒன்றாக்கச் சங்கத் தலைமை இசையவில்லை. 2001-இல் கோம்ஏர் விமானிகள் சிலர் சொந்தச் சங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள்.

இதைப் படிக்கையில் நமக்குச் சுருக்கென்றது. கான்டிராக்ட் ஆட்களைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தபோது நாம் என்ன செய்தோம்? அவர்கள் பெயர் நம் செக்ரோலில் இல்லை, அவர்கள் நம் ஆட்கள் அல்லர் என்றோம். சந்தா கேட்டுக்கூடப் போகவில்லை. மலிவான கூலி நம் கூலியை இழுத்துக் கீழே தள்ளியபோது அவர்களைத்தான் ஏசினோம். கிராணிமாருக்கு வேறு சங்கம் என்பதால் அவர்களும் அதைத் தம் விவகாரமாகக் கருதவில்லை.

அதே 2001-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி கோம்ஏரின் ஏறக்குறைய 1,350 விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 89 நாள்! ஒரு கோம்ஏர் விமானமும் கிளம்பவில்லை. ஒரு பக்கம் நீதிமன்றத்தில் வழக்கு, மறு பக்கம் அதே சங்கம் கொடுத்த வேலைநிறுத்தப் படியில் குடும்பங்கள் சாப்பிட்டன. வீட்டுக்குள் சண்டை இருந்தாலும் வாசலில் எதிரி நின்றபோது சேர்ந்து நின்றார்கள் என்பதை மறைக்கக் கூடாது. சம்பளம் உயர்ந்தது. பட்டியல் மட்டும் இரண்டாகவே இருந்தது.

முதலாளிக்கு அது போதுமானதாயிற்று. ஒருவன் கூலி உயர்த்தினால் பறப்பை இன்னொருவனுக்குக் கொடுக்கலாம். 2005 செப்டம்பரில் டெல்டா திவால் மனுப் போட்டது, கோம்ஏரும் கூடவே போயிற்று. இன்னொரு சிறு கம்பெனியான அட்லாண்டிக் சவுத்ஈஸ்டை அதே ஆண்டு ஸ்கைவெஸ்டுக்கு விற்றார்கள். ஸ்கைவெஸ்ட் விமானிகளோ இந்தச் சங்கத்தில் சேராதவர்கள். கோம்ஏரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, 2012 செப்டம்பர் 29-இல் இழுத்து மூடினார்கள்.

வேலிக்குள் இருந்தவர்கள் தப்பினார்களா? 2004-இல் டெல்டா விமானிகள் 32.5 சதவீதச் சம்பளக் குறைப்புக்குக் கையெழுத்திட்டார்கள். 2006-இல் அவர்களுடைய பென்ஷன் திட்டமும் போயிற்று. அந்தத் திவால் காலத்திலேயே இருக்கை வேலியும் 76 வரை நகர்ந்தது.

2022-இல் விமானிப் பஞ்சம் வந்தபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தனக்குச் சொந்தமான மூன்று சிறு கம்பெனிகளிலும் புதுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று உயர்த்தியது. வாழ்க! ஆனால் அந்த மூன்று கம்பெனி விமானிகளும் ஒரே சங்கத்தில் இருந்தும் ஒப்பந்தம் மூன்று, பட்டியல் மூன்று. பெரிய விமானம் ஓட்டியவர்களுக்கோ 1963-இல் பிரிந்துபோன வேறொரு சங்கம்.