மணிக்கூலியும் உற்பத்திச் செலவும்

போக்குவரத்துச் சாதனங்களைச் செய்யும் தொழிலில் ஒரு மணி நேர உழைப்புக்கு ஆகும் செலவை நாடுதோறும் கணக்கிட்டு, டாலரில் வரிசைப்படுத்திய அட்டவணைகள் வெளியிடப்படுவதுண்டு. அவ்வரிசையின் அடியில் நிற்கும் நாட்டிலேயே கார் மலிவாக உருவாகும் என முடிவு கூறுவோர் உளர். அம்முடிவு பிழையானது.

கப்பல், விமானம், இரயில் பெட்டி, கார் ஆகிய அனைத்தும் இவ்வட்டவணைகளில் ஒரே தலைப்பின்கீழ் அடங்குகின்றன. ஆதலின், விமானம் மிகுதியாகச் செய்யும் நாட்டின் சராசரி கார்த் தொழிலின் நிலையைக் காட்டாது. நாணய மாற்றும் கணக்கைத் திரிக்கும். 1985 செப்டம்பரில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 240 யென். 1987 இறுதியில் ஏறத்தாழ 120 யென். ஜப்பானியத் தொழிலாளியின் கூலி ஒரு யென்கூட உயராதிருந்தாலும், டாலர்க் கணக்கில் அது இருமடங்காகத் தோன்றும்.

இவற்றினும் முதன்மையானது, ஒரு காருக்குச் செலவாகும் நேரம். மணிக்கு 20 டாலர் அளிக்கும் ஆலையில் 16 மணி நேரம் ஆயின் செலவு 320 டாலர். 12 டாலர் அளிக்கும் ஆலையில் 31 மணி நேரம் ஆயின் 372 டாலர். கூலி இங்கு கற்பனை, மணிகள் மெய்யானவை. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 1986-இல் ஒத்த வேலைகளை ஒப்பிட்டபோது, ஒரு காரைப் பூட்டி முடிக்க ஜெனரல் மோட்டார்ஸின் பிரேமிங்காம் ஆலைக்கு 31 மணியும், டொயோட்டாவின் தகவோகா ஆலைக்கு 16 மணியும் ஆயின.

இது ஜப்பானியரின் பிறவிக் குணம் என எண்ணுதல் தகாது. கலிபோர்னியாவில் 1982-இல் மூடப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை, 1984-இல் அவ்விரு நிறுவனங்களும் கூட்டாகத் திறந்தன. தொழிலாளருள் பெரும்பாலோர் பழைய ஆலையில் உழைத்தவரே, தொழிற்சங்கமும் அதுவே. நிர்வாக முறை மட்டும் டொயோட்டாவினுடையது. 1987-இல் அங்கு ஒரு காருக்கு 19 மணியே ஆயிற்று. நேரம் குறைந்தால் ஆட்குறைப்பு வருமோ என்னும் அச்சம் நியாயமானது. கடும் நெருக்கடியிலன்றி ஆட்குறைப்பு இல்லை என அவ்வாலையின் ஒப்பந்தம் உறுதி கூறிற்று.

ஆகவே, செலவு மிகும்போது முதலில் கூலியின்மேல் கை வைப்பது முறையன்று. வீணாகும் நேரத்திற்குப் பெரிதும் பொறுப்பு நிர்வாகமே. கூலிக் குறைப்பின் சுமையையோ தொழிலாளியின் குடும்பம் தாங்குகிறது. குறைந்த கூலியை நாட்டின் பெருமையாகக் காட்டும் அட்டவணையை மாணவர்முன் வைக்கும் ஆசிரியர், அதனருகே மணிக் கணக்கையும் எழுதிக் காட்டுதல் கடமையாகும்.