கொழுப்பை எரிக்காத குளிசை

கண்டியிலிருந்து திகன வரையிலான வீதியோரத்து உடற்பயிற்சிக் கூடங்களிலும் இன்று வேரூன்றிவிட்ட நம்பிக்கை, கார்னிட்டின் குளிசையை விழுங்கினால் உடற்கொழுப்பு எரிந்து தீரும் என்பதாகும். உடற்றொழிலியலின் முதற்பாடத்தையும் புரட்டாதவர்கள், பயிற்சியாளர் என்ற பெயரில் இதனை இளைஞர்களின் தலையில் கட்டுவது பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று.

1905இல் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கார்னிட்டின், நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்களைக் கலத்தில் சக்தியைப் பிறப்பிக்கும் புன்னங்கமான இழைமணிக்குள் கொண்டுசேர்க்கும் காவி மட்டுமே. எவ்வளவு எரிய வேண்டும் என்பதை உடலின் சக்தித் தேவையே தீர்மானிக்கிறது. ஓடங்களைப் பெருக்குவதால் ஆற்றைக் கடக்க வேண்டியவர்களின் தொகை பெருகிவிடாது. மேலும், ஈரலும் சிறுநீரகமும் லைசீன், மெத்தியோனீன் ஆகிய அமினோவமிலங்களிலிருந்து, இரும்பு, விட்டமின் சி முதலியவற்றின் துணையோடு இப்பொருளைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர முதலான கண்டி மலைச்சரிவுகளில், றொட்டியும் பருப்பும் சம்பலும் உண்டு, கொழுந்துக் கூடையைச் சுமந்து நாள் முழுவதும் ஏறியிறங்கும் பெண்ணைப் பார்த்தால் போதும். இறைச்சி உண்பவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 180 மில்லிகிராம் வரை கார்னிட்டின் கிடைக்க, மரக்கறி மட்டுமே உண்பவருக்குக் கிடைப்பது 10 முதல் 12 மில்லிகிராம்தான். ஆயினும் அப்பெண்ணின் தசைகள் ஓய்ந்துவிடவில்லை, ஏனெனில் அவளது சிறுநீரகம் வடித்தெடுத்த கார்னிட்டினில் பெரும்பகுதியைக் குருதிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. போத்தல் விற்பவர்கள் முதலில் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லட்டும்.

விழுங்கிய குளிசையிலிருந்து உடல் உறிஞ்சுவது 5 முதல் 25 சதவீதமே. எஞ்சியதைக் குடல் பக்டீரியாக்கள் திரைமெதைலமீனாக மாற்றுகின்றன. அதிலிருந்து ஈரல் உண்டாக்கும் ஒட்சைட்டுக்கும் நாடித் தடிப்புக்கும் தொடர்புண்டு என 2013இல் வெளியான ஆய்வு எச்சரித்தது. நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் உட்கொண்டால் குமட்டலும் வயிற்றோட்டமும் உடலில் மீன் நாற்றமும் ஏற்படக்கூடும். இத்தனைக்கும் ஈடாக, 2020இல் 37 பரிசோதனைகளைத் தொகுத்தவர்கள் கண்ட சராசரி எடைக்குறைவு ஏறத்தாழ 1.2 கிலோகிராம்! பிறவியிலேயே கார்னிட்டினைக் கலங்களுக்குள் கொண்டுசெல்ல இயலாத குழந்தைகளுக்கு இது உயிர்காக்கும் மருந்து. அவர்களுக்குரிய மருந்தை அழகுப் பண்டமாக்கியதே வணிகத்தின் சாதனை.

கொழுந்து பறிக்கும் அதே பெண்ணின் உடலில் உண்மையில் அருகிப்போவது இரும்பாகும். மலையகத் தோட்டங்களில் குருதிச்சோகை நெடுங்காலத் துயரமாக இருக்க, அதைப் பற்றி எந்த விளம்பரப் பலகையும் பேசுவதில்லை. நாட்சம்பளமாக 1000 ரூபாயைப் பெறுவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த அவளுக்கு, ஒரு கார்னிட்டின் போத்தலின் விலை பல நாட்களின் உழைப்பு.