தோண்டாதவருக்கே முதல் பரிசு

போன மாதம் எங்கட ஊர் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வீடியோ வந்தது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு வயல். கயிறு கட்டி எல்லை போட்டிருக்கு. நாற்பது ஐம்பது பேர் காதில் ஹெட்போனோடு நிற்கினம். கையில் நீளமான தடி, தடியின் நுனியில் வட்டத் தட்டு. மெற்றல் டிடெக்டர். விசில் அடித்ததும் எல்லாரும் தட்டை நிலத்துக்கு மேல் அங்கயும் இங்கயும் வீசிக்கொண்டு நடக்கினம். சத்தம் கேட்ட இடத்தில் குந்தி, சின்ன மண்வெட்டியால் புல்லுக்கட்டியைக் கிளப்பி, முதலே புதைத்து வைத்த வில்லை ஒன்றை எடுத்துப் பைக்குள் போடுகினம். நேரம் முடிய ஆரிட்டக் கூட வில்லை இருக்கோ அவருக்குப் பரிசு. அதோடு, அந்த மாதத்தில் உறுப்பினர்கள் உண்மையாகவே கண்டெடுத்த பழைய சாமான்களை ஒரு மேசையில் பரப்பி வைத்து, மிகச் சிறந்ததுக்கு வாக்குப் போடுகினம். சனி ஞாயிறு கிளப் என்றால் அங்கே இப்படித்தான்.

வீடியோவுக்குக் கீழே வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஊர் அண்ணா ஒருவர் எழுதியிருந்தார்: "அடுத்த திருவிழாவுக்கு வரேக்க நாலு மெசின் கொண்டு வாறம். தீவுப் பொடியளுக்கு ஒரு போட்டி வைப்பம். டச்சுக்காரன்ர காசு, பழைய நகை எண்டு எவ்வளவு கிடக்கும்!" குழுவில் பாதிப்பேர் கை தட்டியிருந்தார்கள்.

எங்களுக்கு அந்தக் கைதட்டலோடுதான் கோபம்.

ஒன்றைச் செய்து பார்க்காமல் திட்டுகிறவர்கள் என்று பெயர் எடுக்க விருப்பமில்லை. ஆகவே நாங்களும் ஒருக்கால் விளையாடிப் பார்த்தோம். எங்களில் ஒருத்தியின் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த சின்ன மெசின் ஒன்று வீட்டில் கிடந்தது. வேலணையில் அவளின் அம்மம்மா வீட்டு முற்றத்தில், ஒரு சனிக்கிழமை, இருபது ஐந்து ரூபாய்க் குற்றிகளைப் புதைத்தோம். ஐந்து பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம். உண்மையைச் சொன்னால் நல்ல பம்பல். காதுக்குள் 'பீப்' என்று கேட்கேக்க நெஞ்சு ஒருக்கால் துள்ளும். ஏன் இதுக்கு இவ்வளவு சனம் அடிமை என்று விளங்கியது.

நாங்கள் புதைத்தது இருபது. தோண்டி எடுத்தது அதைவிடக் கூட. சோடா மூடி, கூரைத் தகரத்து ஆணி, ஒரு பூட்டு, பித்தளைச் செம்பின் விளிம்புத் துண்டு. கடைசியில் பச்சை பிடித்த ஒரு துப்பாக்கிச் சன்னக்கோது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க, திண்ணையில் இருந்த அம்மம்மா சொன்னா: "காணும் பிள்ளையள். மண்ணை மூடுங்கோ."

செம்புத் துண்டு ஆருடையது என்று கேட்டோம். "91இல ஓடேக்க எல்லாரும்தான் தாட்டினவை. ஆற்றை எண்டு ஆருக்குத் தெரியும்?"

போட்டி அந்த இடத்தோடு முடிந்தது. முற்றத்தை மூடிவிட்டுத் திண்ணையில் இருந்து கதைக்கத் தொடங்கினோம். அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருள் எல்லாம் அரசின் சொத்து. உங்கட சொந்தக் காணிக்குள் கிடந்தாலும் உங்களுடையது இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். 1815 மார்ச் 2க்கு முந்தியது எதுவும் இந்தச் சட்டத்தின் கண்ணில் தொல்பொருள். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1658இல் இருந்து 1795 வரை. அப்போ அண்ணா ஆசைப்படுகிற 'டச்சுக்காரன்ர காசு' முழுக்க இதுக்குள் வரும். 'புதையல் தோண்டியவர்கள் ஸ்கானர் இயந்திரத்துடன் கைது' என்ற செய்தி எங்கட பத்திரிகைகளில் வராத மாதம் குறைவு. பிடிபடப் போவது விமானத்தில் திரும்பிப் போகிற அண்ணா இல்லை. இங்க நிற்கிற பொடியன்.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து நாங்கள் இதை எழுதவில்லை. நாளைக்கே அரசு அனுமதி தந்தாலும் இந்தப் போட்டி எங்கட தீவுகளுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வோம். காரணம் ஒன்றுதான்: இந்த விளையாட்டு பொருளுக்குப் பரிசு கொடுக்கிறது. எங்களுக்குத் தேவை அந்தப் பொருள் கிடந்த இடம்.

விளக்கமாகச் சொல்கிறோம். 1980களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டையில், எங்கட பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு வெண்கல முத்திரையைக் கண்டெடுத்தார்கள். ஒரு அங்குலம்கூட இல்லாத துண்டு. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்து. அது ஒரு பெருங்கற்கால அடக்கத்தில், மனித எலும்புக்கூட்டோடும் மட்பாண்டங்களோடும் சேர்ந்து கிடந்தது. அதனால்தான் அது ஆருடைய கையில் இருந்திருக்கும், எந்தக் காலத்தது, அந்த ஆளுக்கு ஊரில் என்ன மரியாதை இருந்தது என்றெல்லாம் கேட்க முடிந்தது. அதே முத்திரையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒருவர் 'பீப்' கேட்டுத் தோண்டி எடுத்திருந்தால்? மேசையில் ஒரு பித்தளைத் துண்டு. வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். பிறகு இணையத்தில் ஏலம்.

இன்னொன்று. எங்கட தீவுகளின் பெரிய சாட்சிகள் பல மெசினுக்குக் கேட்காதவை. அல்லைப்பிட்டியில் 1977இல் வெளிவந்தவை சீனத்து மட்பாண்டங்கள். சொங் வம்ச காலத்தவை. வேலணைச் சாட்டியில் ஆதிக் குடியிருப்பு இருந்தது என்று பொ. இரகுபதி காட்டியதும் ஓட்டுத்துண்டுகளை வைத்துத்தான். ஓடு சத்தம் போடாது. காசு தேடுகிறவன் கண்ணில் ஓடு குப்பை. அதை இடறி எறிந்துவிட்டுத்தான் காசை எடுப்பான். எங்கட தீவுகளில் மண்ணும் ஆழமில்லை. கொஞ்சம் தோண்டினாலே முருகைக்கல். ஒரு சாண் குழிக்குள் ஒரு நூற்றாண்டின் அடுக்கே கலங்கிப் போகலாம்.

"இங்கிலாந்தில் செய்யேலும், எங்களுக்கு ஏலாதோ?" என்று கேட்பீர்கள். அங்கே என்ன இருக்கு என்று பாருங்கோ. 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையல் என்று வரக்கூடியதைக் கண்டவர் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஒரு நூதனசாலை அதை எடுத்தால் வெகுமதி உண்டு; வழமையாய்க் கண்டவரும் காணிக்காரரும் பங்கு பிரிப்பார்கள். 1997இல் தொடங்கிய பதிவுத் திட்டம் ஒன்று இருக்கு. சாதாரணப் பொத்தானைக் கொண்டுபோனாலும் எங்கே கிடைத்தது என்று கேட்டு எழுதி வைக்க ஒவ்வொரு பகுதிக்கும் ஆள் உண்டு. இதுவரைக்கும் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அதில் பதிவு. அப்படியிருந்தும், கூட்டமாய் வந்து தோண்டிவிட்டுப் பதியாமல் போகிறவர்களைப் பற்றி அங்கத்தைத் தொல்லியலாளர்கள் புறுபுறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அண்ணா எங்களுக்குக் கொண்டுவர நினைப்பது மெசினை மட்டும். பதிவு வரவில்லை, ஆளும் வரவில்லை.

பங்கு பிரிக்கிறது எங்களுக்குப் புதிதும் இல்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. முதலாம் பராக்கிரமபாகுவுடையது, அவன் ஆண்டது 1153 தொடக்கம் 1186 வரை. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வருகிற பரதேசிகளைக் காக்க வேண்டும் என்று அது சொல்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. எண்ணூறு வருஷத்துக்கு முதல், இதே கரையில், கெட்டுப்போன சாமானுக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் மட்டும் 'கண்டவனுக்கே சொந்தம்' என்று விசில் அடிக்கப் போகிறோமா?

அந்தச் செம்புத் துண்டுக்கும் ஒரு சொந்தக்காரி இருந்தா. சன்னக்கோதுக்கும் ஒரு கதை இருக்கு. 1990 ஆகஸ்ட்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போன பொடியளைத் தேடுகிற தாய்மார் இன்னும் உயிரோடு இருக்கினம். செம்மணியில் 2025இல் எலும்புகளோடு வந்த உடுப்பையும் சாமான்களையும், அடையாளம் காட்டுவதற்காக ஆகஸ்ட் மாதம் சனத்துக்குப் பார்க்க வைத்தார்கள். அங்கே ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டோடு நீலப் புத்தகப்பை கிடந்தது. அந்தப் பையைத் தனியாய் எடுத்தால் அது பழைய பை. பிள்ளையோடு சேர்ந்து கிடந்ததால்தான் அது சாட்சி. ஒரு பெல்ட் கொழுக்கி, ஒரு தாலிக்கொடித் துண்டு, ஒரு சங்கிலி: இதுகள்தான் மெசினில் முதலில் கத்தும். அதைப் பிடுங்கிக் கழுவி மேசையில் வைத்தால், ஒரு தாயின் வழக்கை நாங்களே கெடுத்தவர்கள் ஆகிறோம்.

அதோடு, வடக்கில் மெற்றல் டிடெக்டர் என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கண்ணிவெடி. முகமாலையில் எங்கட அக்காமார் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாய்ப் பார்த்தது இந்தச் சத்தத்தைத்தான். சம்பளத்துக்கு உயிரைப் பணயம் வைத்த வேலை அது. பொழுதுபோக்கு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

இன்னொரு வாதமும் வரும், அதுதான் வலுவானது: "தொல்பொருள் திணைக்களத்திட்ட ஏன் குடுக்கோணும்? போர்ட் அடிச்சுக் காணியைப் பிடிக்கவோ?" இந்தப் பயம் பொய்ப் பயம் இல்லை. குருந்தூர்மலையைப் பார்த்த பிறகு எங்களுக்கும் அது உண்டு. ஆனால் யோசியுங்கோ. நாளைக்கு நெடுந்தீவு ஆருடையது, வெடியரசன் கோட்டையடியில் வாழ்ந்தது ஆர் என்று சண்டை வந்தால், எங்களுக்காகப் பேசப்போவது எது? பதியப்பட்ட இடம், ஆழம், அடுக்கு. அலுமாரிக்குள் கிடக்கிற, எங்கே எடுத்தது என்று தெரியாத நாலு காசு ஒரு வார்த்தை பேசாது. திணைக்களத்தை நம்பாதவன்தான் எல்லாரையும் விடக் கவனமாய்ப் பதிய வேண்டும்.

எங்களையும் விட்டுவிடக் கூடாது. இரவோடிரவாய் மணல் அள்ளுகிற உழவு இயந்திரம் ஒரு கிளப்பைவிட நூறு மடங்கு அழிக்கிறது. கோயில் திருப்பணி என்று பழைய கல்லைத் தூக்கிக் கிடங்குக்குள் போட்டுவிட்டு மாபிள் பதிக்கிறதும் எங்கட ஆட்கள்தான். அதுக்கெல்லாம் வாய் திறக்காமல் மெசினை மட்டும் திட்டினால் நாங்கள் கள்ளர்.

ஆகவே போட்டி வையுங்கோ. ஆனால் எங்கட விதிப்படி. பள்ளிக்கூட மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வில்லை புதைத்து விளையாடுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. மற்றவர்களுக்கு: இரண்டு நாள், அணிக்கு நாலு பேர், கையில் தொலைபேசியும் அளவு நாடாவும் கொப்பியும். மண்வெட்டி கொண்டுவந்தால் வெளியே. பழைய கிணறு, கேணி, முருகைக்கல் மதில், எழுத்துள்ள கல், ஓடு சிதறிய திடல் எல்லாவற்றையும் கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பக்கத்து வீட்டு ஆச்சியிட்டக் கதை கேட்டு எழுத வேண்டும். கூடப் பதிந்தவருக்கு இல்லை, வடிவாய்ப் பதிந்தவருக்குப் பரிசு. ஒரு துண்டைத் தூக்கினாலும் புள்ளி பூச்சியம்.

அதோடு ஒரு கோரிக்கை. ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பிரதேச செயலகங்களில், சனம் பொலிசுக்குப் பயப்படாமல் வந்து "ஐயா, கிணறு தோண்டேக்க இது வந்தது" என்று சொல்ல ஒரு தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். கண்டது தீவிலேயே இருக்க ஒரு சின்ன நூதனசாலை வேண்டும். திருவிழாவுக்கு வருகிற அண்ணாமாரே, நாலு மெசின் வாங்குகிற காசை அதுக்குத் தாங்கோ.

அம்மம்மா வீட்டு முற்றத்தில் எடுத்த செம்புத் துண்டையும் கோதையும் எடுத்த குழிக்குள்ளேயே வைத்து மூடினோம். மூட முதல் படம் எடுத்து, வேம்பில் இருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று கொப்பியில் எழுதினோம். தோண்ட முதல் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பிழை எங்களுடையது. கொப்பியின் முதல் பக்கத்திலேயே அதையும் எழுதியிருக்கிறோம்.