போன் வாங்கப் போகிறீர்களா?



இந்த மாதம் உங்களோடு கைத்தொலைபேசி பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். நல்லதண்ணியில் நான் சந்திக்கும் தோட்டத்து அக்காமாரும், 1977இலும் 1983இலும் வன்செயலுக்குப் பயந்து இங்கிருந்து வன்னிக்குப் போன குடும்பத்துப் பெண்களும் கேட்பது ஒரே கேள்விதான்: "நடுத்தர விலையில எந்தப் போன் நல்லம்?"

முதலில் விலையை நாட்கணக்கில் பாருங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 54,000 ரூபா போன் என்பது 40 நாள் கொழுந்து. 10,000 முற்பணம், மாதம் 5,000 வீதம் 12 மாதம் என்று தவணைக்கு எடுத்தால் மொத்தம் 70,000 ஆகிறது. மேலதிகமாகப் போகும் 16,000, கிட்டத்தட்ட 12 நாள் உழைப்பு. நுண்கடன் வட்டியில் ஏற்கனவே நொந்திருப்பவர்கள் சீட்டு எடுக்கும் வரை பொறுப்பது நல்லது.

அடுத்து, எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்று பார்ப்போம்.

ரெம் 6 ஜிபி, சேமிப்பிடம் 128 ஜிபி, பெட்டரி 5,000 எம்ஏஎச் இருந்தால் சில வருடங்களுக்குப் போதும். நம் லயங்களில் 4ஜி சிக்னலே மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கிறது. 5ஜிக்காக அதிகம் கொடுக்காதீர்கள். பின்னால் எத்தனை கெமரா என்று எண்ணவும் வேண்டாம். ஒரு நல்ல கெமரா போதும்.

பலர் கேட்க மறப்பது பாதுகாப்புப் புதுப்பிப்பு. வங்கிக் கணக்கைப் போனில் பார்ப்பவர்களுக்கு இது முக்கியம். சம்சுங் 2024இல் வெளியிட்ட கெலக்ஸி ஏ16க்கு ஆறு வருடம் புதுப்பிப்புத் தருவதாக அறிவித்தது. நீங்கள் பார்க்கும் போனுக்கு எத்தனை வருடம் என்று கேளுங்கள். மழைநாட்டில் இருப்பவர்கள் ஐபி எண்ணையும் பாருங்கள். ஐபி54 தூறலைத் தாங்கும். தண்ணீரில் விழுந்தால் தாங்காது.

எங்கள் குழுவில் ஒரு அக்கா, மகள் குவைத்திலிருந்து அனுப்பிய காசில், சிவனொளிபாதமலை சீசன் நேரம் ஒரு கடையில் பில் இல்லாமல் போன் எடுத்தார். மூன்றாம் மாதம் அது பழுதானது. கடைக்காரர் "இது எங்கட இல்லை" என்றார். அக்காவிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை.

ஆகவே காசு கொடுக்கும் முன் கடையிலேயே *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐஎம்ஈஐ எண் வரும். அது பெட்டியில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். பிறகு ஐஎம்ஈஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் அடித்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவாகியுள்ளதா என்று பதில் வரும். பில்லிலும் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். கடையில் ஏமாற்றினால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

சிம்மை உங்கள் அடையாள அட்டையிலேயே எடுங்கள். கணவர் பெயரிலோ தம்பி பெயரிலோ இருந்தால், தொலைந்த நாளில் அதே எண்ணைத் திரும்பப் பெற நீங்கள் அலைய வேண்டிவரும்.

இன்னொன்று. இடம்பெயர்ந்த நேரம் பிறப்புச் சான்றிதழையும் காணிப் பத்திரத்தையும் பிள்ளையின் ஒரே படத்தையும் இழந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! இன்று கையில் இருக்கும் பத்திரங்களைப் போனில் படம் பிடித்து, கூகுள் கணக்கிலும் சேமியுங்கள். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி, பத்திரங்களோடு அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். போன் உடைந்தாலும் படம் இருக்கும்.

போன் வாங்கப் போகும் நாளில் ஒரு தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேர் கேட்டால் கடைக்காரர் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்வார்.