திமிர் இல்லை, முகம் பதியவில்லை

ஆலிவர் சாக்ஸ் உலகறிந்த நரம்பியல் மருத்துவர். வாரம் இருமுறை வீதம் ஆண்டுக்கணக்கில் சந்தித்துவந்த தன் மனநல மருத்துவரை, அவருடைய அறையைவிட்டு வந்த சில நிமிடங்களில் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பார்த்தார். யாரென்று தெரியவில்லை. வாயிற்காவலர் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் புரிந்தது. 2010-இல் சாக்ஸே இதை எழுதினார்.

இப்படி ஒருவர் நம் ஊர்க் கல்யாண வீட்டுக்கு வந்தால் என்ன பெயர் வாங்குவார்? "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்பார்கள். அவர் விழித்தால், காசு வந்ததும் கண் தெரியவில்லை என்பார்கள். மனசில் இடமிருந்தால் முகம் மறக்காது என்ற நம்பிக்கை அப்படி ஊறிக் கிடக்கிறது.

அது பொய். கொடுமையான பொய்.

முகமறியும் திறன், குரல்வளம்போல் ஆளுக்கு ஆள் மாறுவது. 1947-இல் ஜெர்மானிய மருத்துவர் யோவாகிம் போடாமர், மூளையில் அடிபட்டு முகங்களை இனங்காண முடியாமல் போனவர்களைப் பற்றி எழுதி, அந்தக் குறைக்குப் 'புரோசோபக்னோசியா' என்று பெயரிட்டார். அடியே படாமல், பிறவியிலேயே இக்குறை உள்ளவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்வரை இருக்கலாம் என்பது இன்றைய மதிப்பீடு. 2010-இல் இரட்டையரிடம் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது: முகநினைவுத் தேர்வில் ஒருகரு இரட்டையரின் மதிப்பெண்களுக்கிடையே ஒட்டுறவு 0.70, இருகரு இரட்டையரிடம் 0.29 மட்டுமே. ஆக, இத்திறனில் பெரும்பங்கு மரபணு தருவது.

பழகப் பழக வந்துவிடும் என்பாரும் உண்டு. ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் அதிகாரிகளை வைத்து நடத்தி 2014-இல் வெளியான ஆய்வு அதையும் உடைத்தது. எதிரே நிற்பவரின் முகத்தை வேறொருவரின் படத்தோடு ஒப்பிட்டு, அவரேதான் என்று 14 சதவீதம் தடவை ஏற்றுக்கொண்டார்கள். பணி அனுபவத்துக்கும் துல்லியத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. மறுபக்கம், 2011 லண்டன் கலவரத்தின் மங்கலான கேமரா பதிவுகளிலிருந்து ஒரே காவலர் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அடையாளம் காட்டினார். கலவரக்காரர்கள்மேல் பாசம் வைத்தா அவர்கள் முகம் அவருக்குப் பதிந்தது?

நடிகர் பிராட் பிட் 2013-இல், முகங்கள் தனக்குப் பிடிபடுவதில்லை என்றும், மதிக்காமல் போவதாக எண்ணிப் பலர் தன்னை வெறுக்கிறார்கள் என்றும் ஒரு பேட்டியில் சொன்னார். அவருக்காவது பேட்டி எடுக்க ஆள் இருந்தது. குரலையும் நடையையும் மூக்குத்தியையும் வைத்தே சொந்தக்காரர்களைப் பிரித்தறிந்து காலம் தள்ளும் பெண், எதிரே வந்தவர் மூக்குத்தியைக் கழற்றியிருந்தால் யாரிடம் போய் விளக்குவாள்? அவளைப் பரீட்சை வைத்து அவமானப்படுத்தும் உரிமை எந்த உறவுக்கும் கிடையாது. பேச வருகிறவர் தன் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கட்டும்.